ஜியாக்கோமெட்டியின் ‘நடக்கும் மனிதன்’: பத்து வார்ப்புகளில் மூலப்படைப்பு எது?

கேள்வி — வெள்ளவத்தை வாசகன்

சுவிஸ் சிற்பி அல்பேர்ட்டோ ஜியாக்கோமெட்டி 1960இல் உருவாக்கிய ‘நடக்கும் மனிதன்’ என்னும் வெண்கல உருவத்தின் வார்ப்பு ஒன்று, 2010 பெப்ரவரியில் இலண்டன் ஏலத்தில் ஆறரைக் கோடி பவுணுக்கு விலைபோனது. அதே உருவத்துக்கு எண்ணிட்ட வார்ப்புகள் ஆறும் கலைஞருக்கென ஒதுக்கிய ‘கலைஞர் பிரதிகள்’ நான்கும் உண்டு என்று அறிகிறேன். கொழும்பு நூதனசாலையில் உள்ள பொலனறுவை வெண்கல நடராசரைப் போல் இன்னொன்று வார்க்கப்பட்டதில்லை. அப்படியிருக்க, பத்தில் ஒன்றை மூலப்படைப்பு என்று எவ்வாறு கொள்வது?

மறுமொழி — செட்டியார் தெரு

நகை வார்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். நடராசர் போன்ற விக்கிரகத்துக்கு ஸ்தபதி குங்கிலியம் கலந்த மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வெளியேற்றிய பின்பே உலோகத்தை ஊற்றுகிறார். உலோகம் இறுகியதும் மண்ணையும் உடைத்துவிடுவதால் மெழுகும் இல்லை, அச்சும் இல்லை, விக்கிரகம் மட்டுமே எஞ்சுகிறது. ஜியாக்கோமெட்டியோ களிமண்ணில் வனைந்ததைப் பிளாஸ்டராக்கினார். பிளாஸ்டர் அழியாது நிற்பதால் வார்ப்பகம் அதிலிருந்து மீண்டும் மீண்டும் அச்செடுக்கலாம். இறப்பர் அச்சில் மெழுகைச் செலுத்தி ஒரே மோதிரத்தைப் பல தடவை வார்க்கும் எங்கள் வேலையும் ஏறத்தாழ இதே வகைதான். ஆகவே எண்ணிக்கைக்கு எல்லை வகுப்பது தொழில்நுட்பம் அன்று, உடன்பாடே. பிரான்சில் எண்ணிட்டவை எட்டும் கலைஞர் பிரதிகள் நான்குமாக 12 வரை மூலப்படைப்பாக ஏற்பர், 13ஆவது நகல்.

மறுமொழி — சித்திர ஆசிரியை

அச்சைப் பற்றிய விளக்கம் சரியே. ஆயினும் அச்சின் வழியே எது கடந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஆறடி உயரமான இவ்வுருவத்தில் தோளும் இடுப்பும் தசையே இல்லாதவாறு ஒடுங்கியிருக்க, பாதங்கள் மட்டும் பெருத்து, பீடத்திலிருந்து பெயர மறுப்பவை போல் ஊன்றியிருக்கின்றன. உடலோ முன்னோக்கிச் சாய்கிறது. நடை என்ற உணர்வு இந்த இழுபறியில்தான் பிறக்கிறது. மேற்பரப்பு எங்கும் விரலால் கிள்ளியும் கத்தியால் கீறியும் விட்ட தடங்கள் மேடுபள்ளமாக நிற்கின்றன. கோயில் விக்கிரகத்தை வார்த்த பின் சீவி மெருகிடுவார்கள். இங்கே அந்தத் தடங்களை அழித்தால் சிற்பமே போய்விடும். ஒவ்வொரு வார்ப்பிலும் அவருடைய கை அப்படியே பதிந்திருப்பதால் பத்தையும் மூலம் என்பதில் எனக்குத் தடையில்லை.

இது நியூயோர்க்கில் ஒரு வங்கியின் முற்றத்துக்காகத் தொடங்கிய வேலை என்பதையும் சொல்ல வேண்டும். அந்நகரை அதுவரை கண்டிராத அவர், திருப்தி கிட்டாமல் அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார்.

மறுமொழி — கொட்டாஞ்சேனை

விலையை வைத்துக் கலையை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏலத்துக்கு வந்தது 1961இல், அதாவது கலைஞர் 1966இல் இறப்பதற்கு முன்பே, வார்க்கப்பட்டது. அவர் உயிருடன் இருந்தபோது வார்த்த இவ்வளவு பெரிய உருவம் விற்பனைக்கு வருவது அரிது. விலை ஏறியதற்கு அதுவே பெரிய காரணம்.