புதன்கிழமை செமினாரில் பத்தாவது நிமிடத்தில் தொலைந்துபோகிறேன், என்ன செய்வது?

கேட்டவர்: புதுமேகம்

வளிமண்டல அறிவியலில் பிஎச்.டி சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அதற்கு முன் படித்தது இயற்பியல். வானிலை என்றால் நாளைக்கு மழை வருமா வராதா என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. துறையில் புதன்தோறும் ஒரு மணி நேர ஆய்வு செமினார். கையெழுத்து போட வேண்டும், அதனால் டிமிக்கி கொடுக்க வழியில்லை. இதுவரை 13 பேர் பேசியிருக்கிறார்கள். என் நோட்டில் 13 தலைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று வரி, அப்புறம் வெறும் தாள்.

போன வாரம் மேடன்-ஜூலியன் அலைவு (நிலநடுக்கோட்டை ஒட்டி மேகக்கூட்டம் மெல்லக் கிழக்கே நகர்வதாம்) பற்றிய பேச்சு. திரையில் நீலமும் பழுப்புமாகச் சாய்ந்த பட்டைகள். கீழே தீர்க்கரேகை போட்டிருந்தது. அப்படியானால் இது மேப், செங்குத்தில் இருப்பது அட்சரேகை என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். மேகமெல்லாம் ஏன் இப்படிக் கோணலாக வரிசை கட்டி நிற்கிறது என்று முக்கால் மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பேசியவர் லேசர் புள்ளியைக் கீழே இறக்கி, "மே மாதத்துக்கு வந்தால்..." என்றார். செங்குத்தில் இருந்தது தேதி!

கைடு வேறு, வாரத்துக்கு ஒரு கேள்வியாவது கேள் என்கிறார். கேட்பதற்கு முதலில் ஏதாவது புரிய வேண்டாமா? நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: கீழைக்காற்று

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். நானும் அதே படத்தில் விழுந்து எழுந்தவள்தான். அதற்கு ஹோவ்மொலர் படம் என்று பெயர். 1949-இல் எர்னஸ்ட் ஹோவ்மொலர் வரைந்து காட்டியது. நிலநடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ஒரு பட்டை அளவுக்குச் சராசரி எடுத்துவிடுவார்கள், அதோடு அட்சரேகை காணாமல் போய்விடும். மிச்சம் இருப்பது தீர்க்கரேகையும் நாளும். நாள் பெரும்பாலும் மேலிருந்து கீழே ஓடும் (சிலர் தலைகீழாகவும் போட்டு உயிரை வாங்குவார்கள்). கீழே வர வர பட்டை வலப்பக்கம் நகர்ந்தால் கிழக்கே போகிறது என்று பொருள்.

அழகு என்னவென்றால், வேகமும் அந்தச் சாய்விலேயே இருக்கிறது. 60 டிகிரி கிழக்கில் ஆரம்பித்த மேகக்கூட்டம் 30 நாளில் 180-ஐத் தொடுகிறது என்று வையுங்கள். நாளுக்கு 4 டிகிரி. நிலநடுக்கோட்டில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர், ஆக நாளுக்கு 444. அதை 86,400 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 5 மீட்டர் சொச்சம். மேடன்-ஜூலியன் அலைவு நகரும் வேகம் கிட்டத்தட்ட இதுதான், நிதானமாக மிதிக்கும் சைக்கிள் மாதிரி. அதைவிடப் படுத்த பட்டை தெரிந்தால் வேகமாகக் கிழக்கே ஓடும் கெல்வின் அலையாக இருக்கலாம். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் மேற்கே போகும் ராஸ்பி அலையாக இருக்கலாம். பேசுபவர் வாயைத் திறப்பதற்குள் இத்தனையும் கிடைத்துவிடும்.

இன்னொன்று. அந்த நீலத்தை மழை என்று நினைத்திருப்பீர்கள். இந்த மாதிரிப் படங்களில் அடிக்கடி போடுவது பூமியிலிருந்து வெளியேறும் நெட்டலைக் கதிர்வீச்சு, அதாவது விண்வெளிக்குப் போகும் வெப்பம், இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை. மேக உச்சி உயரமாக, குளிர்ச்சியாக இருந்தால் கதிர்வீச்சு குறையும். அதாவது எண் குறைந்தால் மேகம் அதிகம்.

எனவே புதுப் படம் வந்ததும் அரை நிமிடம் காதை மூடிக்கொள்ளுங்கள். கிடையில் என்ன, செங்குத்தில் என்ன, நிறம் எதற்கு, அலகு என்ன, இந்த நாலையும் எழுதுங்கள். அப்புறம் காதைத் திறக்கலாம்.

பதில்: பழைய பலூன்

தம்பி, முன்னறிவிப்பு பற்றிய செமினாராக இருந்தால் ஒரே ஒரு கேள்வியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்: "ஒன்றுமே செய்யாமல் இருந்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்?"

1884-இல் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவைச் சேர்ந்த ஃபின்லி, தன் டொர்னேடோ முன்னறிவிப்புகள் 96.6 சதவீதம் சரி என்று வெளியிட்டார். மொத்தம் 2,803 முன்னறிவிப்புகள். கேட்கப் பிரமாதம்தான். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் டொர்னேடோ வரும் என்று சொன்னது 100 தடவை, வந்தது 28. வராது என்று சொல்லி வந்துவிட்டது 23. மிச்சம் 2,680-உம் வராது என்று சொல்லி வராதவை. ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக்கொண்டு "வராது" என்று சொல்லியிருந்தால் 98.2 சதவீதம்! அதே வருடமே நிலவியலாளர் கில்பர்ட் போன்றவர்கள் இந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அந்த 28 சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் 51-இல் 28-ஐப் பிடித்தது பெரிய காரியம். அவர் காட்டிய எண்தான் தப்பான எண்.

இன்றைக்கும் இதே கதைதான். இன்றைய வெப்பநிலையையே நாளைக்கும் என்று சொன்னால் எவ்வளவு பிழை, பல வருடச் சராசரியைச் சொன்னால் எவ்வளவு பிழை என்று கேளுங்கள். பதில் ஸ்லைடில் இருந்தால் நல்ல ஆய்வு.

பதில்: மேலடுக்கு

பலூன் ஐயா சொன்னது சரி, ஆனால் அந்தக் கேள்வியைத் தினமும் கேட்டால் உங்களைக் கண்டாலே ஆள் ஓடுவார்கள். புரியாததையே கேளுங்கள். என் முதல் செமினாரில் வெப்பநிலை விலகல் படம் முழுக்கச் செக்கச்செவேல் என்று இருந்தது. அதை வைத்து ஐந்து நிமிடம் பெரிய வெப்பமயமாதல் கதையே சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒரு முதலாண்டு மாணவி, "பூச்சியம் எந்த நிறம்?" என்றாள். வெளிர் சிவப்பு! நிறப்பட்டையை மென்பொருள் தானாக நீட்டியிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. பாதிப் படம் உண்மையில் குளிர்ந்திருந்தது.

புதுமேகம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றைய பேச்சு மறுநாள் அதிகபட்ச வெப்பநிலையைக் கணிக்கும் ஒரு நியூரல் நெட்வொர்க் பற்றி. படங்களின் அச்சுகளை எழுதினேன், நோட்டில் முதல் முறையாக ஒரு பக்கம் நிறைந்தது. முடிந்ததும் கை தூக்கி, பல வருடச் சராசரியோடு ஒப்பிட்டீர்களா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. "ஒப்பிட்டிருக்கிறேன், ஸ்லைடு 14" என்று திருப்பிக் காட்டினார். சரி, அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது என் கைடு, "எந்த முப்பது வருடச் சராசரி? 1981 முதல் 2010 வரையா, 1991 முதல் 2020 வரையா?" என்றார். பழையதாம். சமீப வருடங்களின் வெப்பத்துக்கு முன் அந்தப் பழைய சராசரி தானாகவே தோற்றுவிடும், அதைத் தாண்டுவது என்ன பெரிய விஷயம் என்று ஒருவர் ஆரம்பிக்க, இன்னொருவர் மறுக்க, அறையைப் பூட்ட வந்தவர் வாசலில் நின்றுகொண்டே இருந்தார்.

ஒப்பிட்டுவிட்டு மெயில் போடுகிறேன் என்றிருக்கிறார் பேசியவர். வந்தால் இங்கே எழுதுகிறேன்.