புஷ்-புல் சாகுபடிக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

செ., பெரம்பலூர் (திங்கள்)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கென்யாவின் ‘புஷ்-புல்’ (ஆங்கிலத்தில் push-pull: தள்ளுவது, இழுப்பது) சாகுபடி பற்றிய கையேடு ஒன்றை எங்கள் பக்கத்து மக்காச்சோள விவசாயிகளுக்காக மொழிபெயர்த்திருக்கிறேன். உள்ளே எல்லாம் முடிந்தது. தலைப்பில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்ற தீவனச் செடியை விதைக்கிறார்கள். வயலைச் சுற்றி மூன்று வரிசை நேப்பியர் என்ற தீவனப் புல். டெஸ்மோடியத்தின் வாசனை தண்டுத்துளைப்பானின் அந்துப்பூச்சிக்கு ஆகாது, வயலுக்குள் இறங்காமல் விலகிப் போகிறது. வரப்பில் இருக்கும் நேப்பியரின் வாசனை அதை இழுக்கிறது. அங்கே முட்டையிடுகிறது. பொரித்த புழு தண்டைத் துளைக்கப் போனால் புல் பசை மாதிரி ஒரு சாற்றைக் கசியவிட்டு அதை ஒட்ட வைத்துவிடுகிறது. பெரும்பாலான புழு அங்கேயே செத்துப்போகிறது. மருந்தடிக்கும் செலவு இல்லை. நைரோபியில் இருக்கும் இசிபே பூச்சி ஆய்வு மையமும் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையமும் 1990களில் சேர்ந்து கண்ட முறை. ஹெக்டேருக்குச் சுமார் 1 டன் எடுத்த சிறு விவசாயிகள் 3.5 டன் வரை எடுத்திருக்கிறார்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு அது அடுத்த அறுவடை வரை வீட்டில் மாவு இருக்குமா இருக்காதா என்கிற வித்தியாசம்.

‘புஷ்-புல்’ என்றே விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நேற்று வரைவை ஊரில் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே ஒரு பெரியவர் கேட்டார்: “அந்தப் புஷ்புல்லு கரணை எங்கம்மா கிடைக்கும்? ஏக்கருக்கு எத்தனை வேணும்?” கரணை என்றால் நடுகிற தண்டுத் துண்டு. அவர் மேல் தப்பே இல்லை. படத்தில் புல், பெயரிலும் புல். 2018-ல் மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு வந்தபோது, கதிர் பிடிக்காத சோளக்காட்டில் மாட்டை விட்டு மேய்த்தவர் அவர். அவருக்குக் குழப்பாத ஒரு சொல் வேண்டும். உதவுங்கள்.

ம., கோவை (திங்கள்)

செ. அம்மாவுக்கு, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். படைப்புழுவைச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன்: அது ஆப்பிரிக்காவுக்கு 2016-லேயே வந்துவிட்டது, புஷ்-புல் வயல்களில் அதன் தாக்குதலும் வெகுவாகக் குறைந்ததாக ஆய்வு வந்திருக்கிறது. வறட்சி தாங்கும் டெஸ்மோடிய வகையையும், நேப்பியருக்குப் பதில் பிராக்கியாரியா புல்லையும் வைத்த வயல்கள் அவை. உங்கள் கையேட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

சொல்லைப் புதிதாகத் தேட வேண்டாம் என்பது என் கருத்து. ‘பூச்சிவிரட்டி’ எல்லா விவசாயி வாயிலும் இருக்கிறது. வேப்பிலையும் நொச்சியும் போட்டு ஊறவைப்பவர்களுக்கு அதைப் புரியவைக்கத் தேவையே இல்லை. இன்னொரு பாதிக்குக் ‘கவர்ச்சிப் பயிர்’ இருக்கிறது. நிலக்கடலை வரப்பில் ஆமணக்கு போடுவதை அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஆகவே ‘விரட்டி–கவர்ச்சி முறை’.

‘தள்ளு-இழு’ என்று யாராவது சொல்வதற்கு முன் ஒரு வார்த்தை. இங்கே எதுவும் எதையும் தள்ளவில்லை. புழு கடித்த செடி எப்படி மணக்குமோ அப்படியே டெஸ்மோடியம் மணக்கிறது. ‘இந்த இடம் நிறைந்துவிட்டது’ என்று தாய்ப்பூச்சி எடுத்துக்கொள்கிறது. ‘புஷ்-புல்’ என்ற பெயரே ஆப்பிரிக்காவில் பிறந்ததில்லை, 1987-ல் ஆஸ்திரேலியப் பருத்திக்காக வைத்தது. மூலத்திலேயே கொஞ்சம் தளர்வான சொல். அதைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

க., சென்னை (திங்கள் இரவு)

‘கவர்ச்சி’ வேண்டாம், ஐயா. சினிமா அந்தச் சொல்லை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. பெண்கள் நிறைந்த கூட்டத்தில் ‘கவர்ச்சி முறை’ என்று செ. எழுந்து சொல்ல முடியுமா?

வினைத்தொகையாக வைப்போம். விரட்டுபயிர், ஈர்பயிர். ஊறுகாய், சுடுசோறு போல மூன்று காலத்துக்கும் பொருந்தும்: விரட்டிய, விரட்டுகின்ற, விரட்டும் பயிர். தயவுசெய்து ‘விரட்டுப்பயிர்’ என்று ப் போடாதீர்கள். வினைத்தொகையில் வலி மிகாது. முறைக்கு ‘விரட்டு-ஈர்ப்பு’.

புலவர் இரா., தஞ்சாவூர் (செவ்வாய்)

அன்புள்ள செ. அம்மாவுக்கும் நண்பர்களுக்கும்.

‘ஈர்’ எனக்கு உறுத்துகிறது. ஈர்தல் என்றால் இழுத்தல் மட்டுமா? ‘நாளென ஒன்றுபோற் காட்டி உயிர்ஈரும் வாள்’ என்று குறளில் (334) வருவது அறுத்தல். ஈர்வாள் என்பதும் அதுவே. தலையில் பேனோடு வரும் ஈரும் ஈர்தான். ‘ஈர்பயிர்’ என்று தனியாக எழுதினால் படிப்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

பயிரைத் தின்ன வருவதை விரட்டும் வேலை நமக்குப் புதிதன்று. தினைப்புனத்தில் பரண் மேல் இருந்து பெண்கள் கிளி ஓட்டியதற்குச் சங்கப் பாடல்களில் நிலைத்த சொல் ஒன்று உண்டு: கடிதல். ‘தழலும் தட்டையும் குளிரும் பிறவும் கிளிகடி மரபின’ என்று குறிஞ்சிப்பாட்டு அந்தக் கருவிகளையே பட்டியல் போடுகிறது. ஆகவே டெஸ்மோடியம் ‘கடிபயிர்’.

இன்னும் பாருங்கள். ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியம் பத்துப் பொருள் சொல்கிறது. வரைவு என்றால் விலக்குதல், அது இருக்கிறது. காப்பு இருக்கிறது. அச்சம் இருக்கிறது. நன்னூல் அதைப் பதின்மூன்றாக்கி ‘விரை’யையும் சேர்க்கிறது. விரை என்றால் மணம். ம. ஐயா சொன்னதை எண்ணிப் பாருங்கள்: மணத்தால் அச்சமூட்டி, விலக்கி, பயிரைக் காப்பது. இந்தச் செடி செய்வது முழுவதும் ஒரே ஈரெழுத்துச் சொல்லில் அடங்கியிருக்கிறது. இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது அதை எடுத்தாளாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

செ., பெரம்பலூர் (செவ்வாய்)

ஐயா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். ‘விரை’ வந்த இடத்தில் எனக்கே சிலிர்த்தது. ஆனால் ‘கடிபயிர்’ என்று மேடையில் சொன்னால் பூச்சி கடித்த பயிர் என்றுதான் எங்கள் ஊரில் நினைப்பார்கள். ‘கடி’க்குப் பதினான்காவதாக வந்த அந்த ஒரு பொருள்தான் இங்கே மிச்சம் இருக்கிறது.

த., நைரோபி (செவ்வாய் இரவு)

இங்கே இருப்பதால் ஒரு செய்தி. சுவாகிலியில் சுகுமா என்றால் தள்ளு, வுட்டா என்றால் இழு. கடைக் கதவுகளில் எழுதியிருக்கும் சாதாரணச் சொற்கள். இவர்கள் அதற்கு மேல் தேடவில்லை. ‘சுகுமா விக்கி’ என்று ஒரு கீரையும் உண்டு. வாரத்தைத் தள்ளு என்று பொருள். கையில் காசு தீர்ந்த வாரக்கடைசியை அந்தக் கீரையும் உகாலிக் களியும் வைத்துத் தள்ளிவிடலாம் என்பதால் வந்த பெயர். ‘பொழுதைத் தள்ளுகிறோம்’ என்று நாம் சொல்வதும் அதே தள்ளுதான். அதனால் ‘தள்ளு’வை அவ்வளவு சீக்கிரம் தள்ளிவைக்க வேண்டாம்.

விக்டோரியா ஏரிக்கரையில் ம்பிட்டா ஆய்வு வளாகத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். இரண்டு பாத்தி பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் வெளுத்து நின்றது, அடியெல்லாம் ஊதாப் பூ. லுவோ மக்கள் கயோங்கோ என்று சொல்லும் ஒட்டுண்ணிக் களை அது. மற்றதில் டெஸ்மோடியம் பாய் விரித்த மாதிரி தரையை மூடியிருந்தது, மக்காச்சோளம் என் தலைக்கு மேல். உடன் வந்த அம்மா ஒருவர் புல்லை மட்டும் காட்டிக் காட்டிப் பேசினார். அவருக்கு அது மாட்டுத் தீவனம், பால். பூச்சியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

ந., யாழ்ப்பாணம் (புதன்)

அன்புள்ள செ. தங்கச்சிக்கு. கையேட்டில் டெஸ்மோடியத்தை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? அதே இனத்துச் செடியைச் ‘சிறுபுள்ளடி’ என்று நம் மூலிகை நூல்கள் சொல்கின்றன. ஆனால் ‘புள்ளடி’ என்று மட்டும் வைக்க வேண்டாம். எங்கட பக்கம் புள்ளடி என்றால் வாக்குச்சீட்டில் போடும் அடையாளம். அதோடு நீங்கள் மக்காச்சோளம் என்பதை நாங்கள் சோளம் என்போம், நீங்கள் சோளம் என்பது எங்களுக்கு இறுங்கு. கையேடு இங்கேயும் வருமென்றால் முதல் பக்கத்தில் ஒரு வரி போடுங்கோ. படைப்புழுவை நாங்கள் சேனாப் புழு என்போம், அது எங்கட சோளத்தையும் விட்டுவைக்கவில்லை.

முறைக்கு ‘விரட்டு-இழு’ போதும். விளங்கும்.

ம., கோவை (புதன்)

த. சொன்ன கயோங்கோ நம் ஊர் சுடுமல்லிக்கு அண்ணன் தம்பி. கரும்பிலும் சோளத்திலும் வேரில் ஒட்டி உறிஞ்சுவது. வெளியே தலை காட்டும்போது சேதம் முடிந்திருக்கும். பூச்சிக்காக நட்ட டெஸ்மோடியம் அதையும் ஒழிக்கிறது என்பது வயலில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதன் வேரில் கசியும் பொருள்கள் சுடுமல்லி விதையை முளைக்க வைத்துவிட்டு, பயிர் வேரில் ஒட்டவிடாமல் தடுக்கின்றன. முளைத்தது பட்டினியில் சாகும்.

வரைவின் 31-ஆம் பக்கத்தில் இதைச் ‘தற்கொலை முளைப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலக் கலைச்சொல் அப்படித்தான், உங்கள் மேல் குறையில்லை. ஆனால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கடன் ஏறி உயிரை விட்டவர்களின் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சொல் ஒரு விவசாயக் கையேட்டில் இருக்கக் கூடாது.

க., சென்னை (புதன்)

வீண்முளைப்பு.

புலவர் இரா., தஞ்சாவூர் (புதன்)

வீண்முளைப்பு. நானும் உடன்படுகிறேன். மறுசொல் வேண்டியதில்லை.

செ., பெரம்பலூர் (புதன்)

மாற்றிவிட்டேன். நன்றி, ஐயா. தட்டச்சு செய்யும்போது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

க., சென்னை (வியாழன்)

நாளை வெள்ளி, முடிவுக்கு வருவோம். ஒற்றை நாற்று நடவுக்கு நேர்ந்ததை மறக்க வேண்டாம். மடகாஸ்கரில் ஒரு பாதிரியார் 1980களில் கண்ட முறை. நம்மிடம் வந்ததும் திருந்திய நெல் சாகுபடி, செம்மை நெல் சாகுபடி, ராஜராஜன் 1000 என்று பெயர் மாறிக்கொண்டே போனது. வயலில் கேட்டுப் பாருங்கள், ‘ஒத்த நாத்து’ என்பார்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லும் பெயர் மட்டும் தங்கிவிட்டது. நான் ஈர்பயிரை விட்டுவிடுகிறேன். ‘விரட்டு-இழு முறை’க்கு ஆதரவு தருகிறேன்.

செ., பெரம்பலூர் (வெள்ளி)

வணக்கம். கையேடு அச்சுக்குப் போய்விட்டது.

விரட்டு-இழுவுக்கு ஐந்து பேர், தள்ளு-இழுவுக்குத் த. உட்பட இரண்டு பேர், விரட்டி–கவர்ச்சிக்கு ம. ஐயா, கடிபயிருக்குப் புலவர் ஐயா. இதைத் தெளிவான முடிவு என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் களைத்துப்போயிருந்தோம்.

நேற்று சாயங்காலம் அதே ஊருக்குப் போய்ப் பெயரை எதுவும் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டி, ஓர் அக்காவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டேன். புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். “உள்ள வெரட்டுற செடி, வரப்புல கூப்புடுற புல்லு” என்றார். கூப்பிடுகிற புல். ஒரு வாரமாக நம் யாருக்கும் அது வரவில்லை. அட்டையில் ‘விரட்டும் செடி, கூப்பிடும் புல்’ என்று பெரிதாகவும், அதன் கீழே ‘மக்காச்சோளத்தில் விரட்டு-இழு முறை’ என்று சிறிதாகவும் போட்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்து அண்ணா கேட்ட வரியும் முதல் பக்கத்தில் இருக்கிறது.

புலவர் இரா., தஞ்சாவூர் (சனி)

அம்மா, ‘கூப்பிடும் புல்’ நன்றாக இருக்கிறது. ‘கூப்பிடு தூரம்’ போலக் ‘கூப்பிடுபுல்’ என்று வினைத்தொகையாக்கியிருந்தால் இன்னும் கட்டுக்கோப்பாக இருந்திருக்கும். இரண்டாம் பதிப்பு வந்தால் பார்க்கலாம். கடிபயிரை நான் கைவிடவில்லை. ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கள். என் தம்பி மகன் ஒரத்தநாட்டில் மக்காச்சோளம் போட்டிருக்கிறான், நேப்பியர் கரணைக்கு யாரைக் கேட்பது என்பதையும் எழுதுங்கள்.