மழை விட்ட பிறகு ஏன் சுவர் வெடிக்கிறது?

கீழக்கரைக்காரன்: அக்காவைக் குன்னூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். வீட்டுச் சுவரில் விரல் நுழையும் விரிசல், மழை விட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் அகலமானது. நம் ஊர் மணலில் ஊற்றினால் உடனே உறிஞ்சிவிடுமே, அங்கே ஏன் இப்படி?

தொண்டி அண்ணன்: தம்பி, களிமண்ணில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். அடியில் மண் வழுக்கி நகரும் தளத்துக்குப் போனதும் மண்துகள்களுக்கு நடுவே நீரழுத்தம் ஏறி, மேலிருக்கும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும், உராய்வு குறையும், மலைச்சரிவு மெல்ல ஊரும், அதன்மேல் நிற்கும் சுவர் வெடிக்கும். (எண்ணெய் போல வழுக்குகிறது என்பதெல்லாம் சும்மா.) அமெரிக்காவில் கொலராடோவின் ஸ்லம்கல்லியன் மண்சரிவு சுமார் 300 வருடமாக ஊர்ந்துகொண்டிருக்கிறது.

தேவிபட்டினம்: கரையில் கிடக்கும் வள்ளம், தண்ணீர் ஏறியதும் இரண்டு பேர் தள்ளினாலே நகருமே, அந்தக் கதைதான்.

கீழக்கரைக்காரன்: சரிண்ணே, இப்போ என்ன செய்ய?

தொண்டி அண்ணன்: வீட்டுக்கு மேலே சரிவில் வடிகால் அடைத்திருக்கிறதா, செப்டிக் டேங்க் கசிகிறதா என்று முதலில் பார்க்கச் சொல். விரிசல் முனையில் தேதி போட்டுக் கோடு கிழித்து வைக்கட்டும்.