பிடிப்பையும் செலவையும் ஜாயின் செய்தால் தொகை பெருகுகிறது: உதவி தேவை

மண்டபம் மாணவி:
வணக்கம். நான் கணினி அறிவியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தரவுத்தள மேலாண்மைப் பாடத்தின் மினி புராஜெக்டுக்காகச் சித்தப்பாவின் விசைப்படகுக் கணக்கு நோட்டை மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றியிருக்கிறேன். படகு, பயணம், பிடிப்பு (பிடித்த மீனும் எடையும்), செலவு என நான்கு டேபிள்கள் உள்ளன; கடைசி இரண்டிலும் பயண எண் ஃபாரின் கீயாக, அதாவது பயணம் டேபிளின் வரிசையைச் சுட்டும் எண்ணாக இருக்கிறது.

7-ஆம் பயணத்தில் இறால் 40, நண்டு 25, காரல் 60 என மொத்தம் 125 கிலோ வந்தது. டீசலுக்கு 18,000 ரூபாயும் ஐஸுக்கு 2,000 ரூபாயும் செலவு. பயணம், பிடிப்பு, செலவு மூன்றையும் ஜாயின் செய்து (ஒரே பயண எண் உள்ள வரிசைகளை இணைத்து), பயண எண்படி குரூப் பை போட்டு (ஒரு பயணத்தின் வரிசைகளை ஒரே குழுவாக்கி) கூட்டினால் எடை 250 கிலோ என்றும் செலவு 60,000 ரூபாய் என்றும் வருகிறது. கூட்டலுக்குள் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு மீண்டும் வந்தால் ஒருமுறை மட்டும் எடுப்பது) சேர்த்ததும் இந்தப் பயணத்துக்குச் சரியான விடை கிடைத்தது. ஆனால் நண்டும் கணவாயும் தலா 25 கிலோ வந்த 9-ஆம் பயணத்துக்கு 50 கிலோவுக்குப் பதிலாக 25 என்றே காட்டுகிறது. டேபிள் வடிவமைப்பில் தவறு உள்ளதா?

தொண்டிக்காரன்:
பிடிப்பையும் செலவையும் ஒரே டேபிளில் வைத்துவிட்டால் ஜாயினே தேவைப்படாதே. நோட்டிலும் எல்லாம் ஒரே பக்கத்தில்தானே இருக்கிறது?

கீழக்கரை ஆசிரியர்:
அப்படிச் செய்ய வேண்டாம், தம்பி. நோட்டில் பக்கத்தின் இடப்புறம் வரவு, வலப்புறம் செலவு என்று மனிதக் கண் பிரித்துக்கொள்ளும். டேபிளில் ஒரு வரிசை என்பது ஒரே செய்தி. இறால் 40 கிலோ என்பதற்கும் டீசல் 18,000 என்பதற்கும் ஒரே வரிசையில் நிற்கும்படியான உறவு எதுவும் இல்லை. ஒன்றையொன்று சாராத இப்படிப்பட்ட பன்மதிப்புச் செய்திகளை ஒரே டேபிளில் அடைப்பதைத் தவிர்க்கத்தான் 1977-இல் ரொனால்ட் ஃபேகின் நான்காம் இயல்பு வடிவத்தை முன்வைத்தார். பலரும் அதைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துவிடுகிறார்கள்.

மாணவியே, குரூப் பையை நீக்கிவிட்டு 7-ஆம் பயணத்தின் வரிசைகளை மட்டும் பாருங்கள். மூன்று பிடிப்பு வரிசைகளும் இரண்டு செலவு வரிசைகளும் ஒன்றோடொன்று சேர்ந்து ஆறாக நிற்கும். அதனால் ஒவ்வொரு மீனும் இரு முறையும், ஒவ்வொரு செலவும் மும்முறையும் கூட்டப்படுகின்றன. டிஸ்டிங்க்ட் மதிப்பைத்தான் பார்க்கும், வரிசையைப் பார்க்காது. ஆகவே அது மருந்தன்று.

செய்ய வேண்டியது இதுதான்: பிடிப்பு டேபிளைத் தனியே பயண எண்படி கூட்டி ஒரு துணைக் குவெரியாகவும் (முதன்மைக் குவெரிக்குள் வரும் சிறு குவெரி), செலவை அவ்வாறே மற்றொரு துணைக் குவெரியாகவும் எழுதுங்கள். இப்போது இரண்டிலும் ஒரு பயணத்துக்கு ஒரே வரிசைதான் இருக்கும். அதன்பின் பயணம் டேபிளோடு இரண்டையும் லெஃப்ட் ஜாயின் செய்யுங்கள்; பொருந்தும் வரிசை இல்லாத பயணத்தையும் அது விட்டுவிடாது. இரு பக்கமும் பொருந்தும் வரிசைகளை மட்டும் தரும் இன்னர் ஜாயின் போட்டால், காற்று மிகுந்து வெறுங்கையோடு திரும்பிய பயணம் அறிக்கையிலிருந்தே மறைந்துவிடும். அன்றைய டீசல் செலவும் அதோடு காணாமல் போகும். வெற்று மதிப்பு வரும் இடத்தில் கோலெஸ் என்ற ஃபங்ஷனைக் கொண்டு பூஜ்ஜியமாக்கிக்கொள்ளுங்கள்.

மண்டபம் மாணவி:
மிக்க நன்றி, ஐயா. 7-ஆம் பயணம் 125 கிலோ, 20,000 ரூபாய் என்றும், 9-ஆம் பயணம் 50 கிலோ என்றும் சரியாக வருகின்றன. ஒரு சந்தேகம்: மாதவாரி அறிக்கையில் மே மாதமே இல்லை. அதுவும் ஜாயினால் வந்த பிழையா?

கீழக்கரை ஆசிரியர்:
அது பிழையன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாதபோது பயண வரிசை எங்கிருந்து வரும்? ஆனால் உங்கள் கேள்வி வடிவமைப்பில் உள்ள உண்மையான குறையைக் காட்டுகிறது. படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பதும் பெயின்ட் அடிப்பதும் அந்த மாதங்களில்தான். செலவு டேபிளில் பயண எண் கட்டாயம் என்பதால் அந்தச் செலவுகளை எழுத இடமே இல்லை. படகு எண்ணும் தேதியும் கொண்ட பராமரிப்புச் செலவு டேபிள் ஒன்றைத் தனியாகச் சேருங்கள். ஆண்டு லாபம் கணக்கிடும்போது அதையும் முதலில் படகு எண்படி கூட்டிவிட்டு, பிறகு இணையுங்கள்.