கஜகஸ்தானில் சட்டம் மாறியது, வீட்டுக்குள்?

கேள்வி: அல்மாட்டியில் மருத்துவம் படிக்கிறேன். 2024 ஏப்ரலில் குடும்ப வன்முறைச் சட்டத்தைக் கடுமையாக்கினார்களே, அதற்கு என்ன காரணம்?

பதில் 1: முன்னாள் அமைச்சர் பிஷிம்பாயெவ் தன் மனைவி சல்தனத்தைக் கொன்ற வழக்குதான் பெரிய காரணம். விசாரணை நேரலையில் வந்தது. அப்போது நான் அஸ்தானாவில் வேலையில் இருந்தேன். அலுவலகச் சமையலறையில் ஐந்தாறு பெண்கள் ஒரே கைப்பேசியைச் சுற்றி நின்றார்கள். தேநீர் ஆறியதுகூடத் தெரியவில்லை. பிஷிம்பாயெவுக்கு 24 ஆண்டு சிறை. வீட்டில் அடிப்பதை 2017-இல் குற்றவியல் சட்டத்திலிருந்தே எடுத்திருந்தார்கள். திரும்பச் சேர்க்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பதில் 2: 2023 முதலே குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டவரின் புகார் மனு இல்லாமலும் போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம்.

கேட்டவர்: நன்றி. எங்கள் விடுதி அக்காவிடம் அந்தப் புகார் விஷயத்தை இன்றே சொல்கிறேன்.