பிளாஸ்டிக் கம்பெனியில் காலம் கழித்தவர்களே, இன்னும் உறுத்தும் அந்த ஒரு ஷிப்ட் எது?

மத்திகிரி மாமா:
ஓசூர் சிப்காட்டில் 31 வருடம். ஆபரேட்டராகச் சேர்ந்து உற்பத்தி மேலாளராக ஓய்வு பெற்றேன். சேர்ந்தபோது ஊர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆனது. நான் அதே கொட்டகையில்தான் இருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். 350 டன் மெஷின்: மோல்ட் என்ற அச்சை அந்த விசையில் மூடி, உருகிய பிளாஸ்டிக்கை உள்ளே செலுத்துவது. பேட்டரிக் கவர், செமி ஆட்டோவில் ஓடுகிறது, அதாவது ஒவ்வொரு கவருக்கும் ஆபரேட்டர் கதவைத் திறந்து எடுத்து மூட வேண்டும். காலை ஆறு மணிக்கு லாரி. தேவை 1,800. யாரோ கதவின் லிமிட் ஸ்விட்சைக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தாலும் மெஷின் மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். கதவை இழுத்து மூடும் நேரம் மிச்சம். ஒரு கவர் வார்க்கும் நேரம், அதாவது சைக்கிள், 40 வினாடியிலிருந்து 35 ஆகியிருந்தது. இரவு பதினொன்றரைக்கு ரவுண்ட் போனபோது கம்பியைப் பார்த்தேன். பிறகு கவுன்டரைப் பார்த்தேன். 1,140. மனக்கணக்குப் போட்டேன். கம்பி இல்லாவிட்டால் எழுபத்தைந்து குறையும், இருந்தால் சரியாக வந்துவிடும். நடந்துவிட்டேன்.

விபத்து நடக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கை போனதா என்றுதான் கேட்பீர்கள். லாரி புறப்பட்ட பிறகு அந்த ஆபரேட்டர், ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன், என் அறைக்கு வந்தான். கம்பியை வெட்டிச் சுருட்டி, என் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். “சார், ரவுண்ட் வந்தபோது இதைப் பார்த்தீர்கள். ஏதாவது சொல்வீர்கள் என்று நின்றேன்” என்றான். குரலில் கோபம்கூட இல்லை. கடையில் மீதிச் சில்லறை கொடுப்பவன் போல வைத்துவிட்டுப் போனான். கம்பியில் ஏழு முறுக்கு இருந்தது. அவன் முகத்தைப் பார்க்காமல் இருக்க எதையாவது எண்ண வேண்டியிருந்தது.

நைட்ஷிப்ட் நாகராசன்:
அசிட்டால், பிவிசி என்ற இரண்டு பிளாஸ்டிக்கும் ஒரே பேரலில், அதாவது உருக்கும் உருளையில், சேரக் கூடாது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கும் தெரியும். போர்டில் சிவப்பு மையில் எழுதியே வைத்திருந்தோம். அப்படியும் ஒரு நைட் ஷிப்டில் பர்ஜ் செய்யாமல், அதாவது பழையதை வெளியே தள்ளாமல், குருணை கொட்டும் ஹாப்பரை மாற்றிவிட்டார்கள். பேரலின் நுனியில் உள்ள நாசிலில் முதலில் ஊசிப் பட்டாசு போல ஒரு சத்தம். அடுத்து கண். அடுப்பில் மிளகாய் வற்றல் விழுந்தால் வீடு என்ன ஆகும்? அதைத் தகரக் கொட்டகைக்குள் நினைத்துக்கொள்ளுங்கள்.

பதினான்கு பேர் கேட்டுக்கு ஓடினோம். இருமல், கண்ணீர், ஒருவருக்கும் கண் திறக்கவில்லை. காவலாளி குறுக்கே நின்று, “அவுட் பாஸ் எங்கே?” என்றார்.

அவர் கேட்டதை மன்னித்துவிட்டேன். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். ஆனால் எங்களில் ஒருவன் உடனே சட்டைப் பையைத் தடவிப் பாஸைத் தேடினான். அது நான்தான்.

மெயின்டனன்ஸ் அண்ணன்:
மாமா, கோபித்துக்கொள்ள வேண்டாம். “யாரோ கட்டியிருந்தார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது யாரோ இல்லை, என்னைப் போன்ற ஒருவன். “எப்படியாவது ஓட்டு” என்று உங்களைப் போன்ற ஒருவர் சொல்லிவிட்டுப் போன பிறகு கட்டியிருப்பான். ஸ்விட்ச் தானாகப் போய்க் கம்பியில் மாட்டிக்கொள்ளாது.

இளைஞர்கள் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மின்சார ஸ்விட்ச் ஒன்றை மட்டும் நம்பி ஓட்டாதீர்கள். கதவு திறந்தால் ஆயிலையே மறிக்கும் ஹைட்ராலிக் வால்வு இருக்க வேண்டும். மோல்டைத் தாங்கும் பிளாட்டன் தட்டு நகராமல் குறுக்கே விழும் இரும்புத் தண்டு இருக்க வேண்டும். கதவு திறந்தால் மெஷின் நிற்கிறதா என்று ஷிப்ட் தொடக்கத்தில் சோதிக்க ஒரு நிமிடம் போதும்: கதவைப் பாதி திறந்து வைத்து, மோல்ட் மூடும் பட்டனை அழுத்துங்கள். ஒரு நூல் நகர்ந்தாலும் மெஷினை நிறுத்துங்கள். மோல்டில் பொருள் ஒட்டிக்கொண்டால் பம்ப்பை அணைத்துவிட்டுக் கையை உள்ளே விடுங்கள். எடுக்கப் பித்தளைக் கம்பியை மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரால் நோண்டினால் மோல்டில் விழும் கோடு ஒவ்வொரு பொருளிலும் வரும், யார் நோண்டியது என்று ஊருக்கே தெரியும்.

நாகராசன் தம்பிக்கும் ஒரு வார்த்தை. அசிட்டால் ஓடிய பேரலில் வேறு எது போடுவதானாலும் நடுவில் பாலிஎத்திலீன் விட்டுத் தள்ளுங்கள், நிறம் தெளிவாக வரும்வரை. கலந்தேவிட்டால் ஹீட்டரை அணையுங்கள், பேரலைப் பின்னுக்கு இழுங்கள், வெளியே வந்த கட்டியைத் தண்ணீர் வாளியில் போடுங்கள், ஷட்டரைத் தூக்குங்கள், ஆட்களை வெளியேற்றுங்கள். நாசிலுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகவே கூடாது. போர்டில் எழுதினால் போதாது. ஹாப்பருக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை ஷிப்ட் இன்சார்ஜ் இடுப்பில் வைத்திருக்க வேண்டும்.

என் அனுபவம் கேட்டீர்கள். 1998, மோல்டிலிருந்து பொருளைத் தள்ளிவிடும் எஜெக்டர், இடது சுண்டுவிரல் நுனி. வேறொன்றும் இல்லை.

மத்திகிரி மாமா:
“எப்படியாவது ஓட்டு” என்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொன்னேன். அதை எழுதாமல் விட்டேன். நீங்கள் சொல்வது சரி.

பாலக்கோட்டுக்காரி:
நான் மேலாளர் இல்லை. காண்ட்ராக்டில் ட்ரிம்மிங் பிரிவு, பிளேடால் பிசிறு வெட்டுகிற வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறுவேன்.

ஐப்பசி மழை. நைலான் பிராக்கெட்டில் வெள்ளி வெள்ளியாகக் கோடு வந்தது. வளைத்தால் பட்டென்று உடைந்தது. சூப்பர்வைசர் பிரஷரை ஏற்றினார், குறைத்தார், வேகத்தை மாற்றினார், மோல்டைத் திட்டினார். இரண்டு நாள். நான் சொன்னேன்: “சார், மழை நாளில் காயாத வடகத்தை எண்ணெயில் போட்டது போல இருக்கிறது. உள்ளே ஈரம் பொங்கியிருக்கிறது.” “போய் உன் வேலையைப் பார்” என்றார். சாப்பாட்டு நேரத்தில் ஹாப்பர் டிரையரின் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். 80 டிகிரியில் நான்கு மணி நேரம் காய வேண்டிய குருணைக்குக் குளிர்ந்த காற்றுப் போய்க்கொண்டிருந்தது. விசிறி ஓடியது, உள்ளே ஹீட்டர் எரிந்து போயிருந்தது. இதை மேலாளரிடமே போய்ச் சொன்னேன். அவர் வந்து தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார், மாலையில் ஹீட்டர் மாற்றினார்கள்.

அடுத்த வாரம் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டீ கொடுக்கும் அம்மா அன்று வரவில்லை, என்னை அனுப்பினார்கள். தட்டோடு உள்ளே போகும்போது மேலாளர் பேசிக்கொண்டிருக்கிறார்: “எளிமையாகச் சொன்னால், காயாத வடகத்தைப் பொரித்தது போல.” எல்லோரும் ரசித்துத் தலையாட்டினார்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “சர்க்கரை குறைவாக ஒன்று” என்றார்.

காவேரிப்பட்டணம் கணக்கர்:
சகோதரி, நீங்கள் அதை அன்றே எழுதி, தேதி போட்டு, யோசனைப் பெட்டியில் போட்டிருக்க வேண்டும். எழுத்தில் இருந்தால் யாரும் மறுக்க முடியாது. நகல் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாலக்கோட்டுக்காரி:
பெட்டியின் சாவி அவரிடம்தான் இருந்தது.

தருமபுரி ஃபிலிம்காரர்:
உங்களுக்கெல்லாம் சம்பளம் கொடுக்க ஒரு முதலாளி இருந்தார். எனக்கு நானே முதலாளி. ஒரே ஒரு ஃபிலிம் லைன், கேரி பேக். டை என்ற வளைய வாயிலிருந்து உருகிய பிளாஸ்டிக்கைக் காற்றூதிப் பலூனாக மேலே இழுத்துப் பையாக்குவது. 2012 மின்வெட்டில் பலூன் விழாத நாளே கிடையாது. கரண்ட் போனதும், கொடியிலிருந்து ஈரச் சேலை நழுவுவது போல மேலிருந்து சரிந்து டையில் ஒட்டிக்கொள்ளும். மறுபடி சூடேற்றி, பலூனைக் கையால் மேலே தூக்கி ரோலருக்குள் கோர்க்க ஒரு மணி நேரம் ஆகும். அதற்கென்றே ஒரு பையன் இருந்தான், கெட்டிக்காரன்.

2018 ஜூன் 5 அன்று சட்டமன்றத்தில் தடையை அறிவித்தார்கள். 2019 ஜனவரி 1 முதல் 14 பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை, கேரி பேக்கும் அதில் ஒன்று. தடை தப்பா சரியா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். எங்கள் ஏரி மதகில் அடைத்துக் கிடந்தது என் பையாகவும் இருந்திருக்கும். டிசம்பர் 31 இரவு நானே சுவிட்சை அணைத்தேன். பலூன் சரிந்தது. அந்தப் பையனுக்கும் எல்லாம் தெரியும், கணக்கு முடித்துப் பணம் கொடுத்துவிட்டேன். ஆனாலும் பலூன் விழுந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான், தூக்கிப் பிடிக்க. பாதி வழியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான்.

கிரேட் கந்தன்:
மாங்காய் அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஓட்டினோம். 48 வினாடியில் வந்த சைக்கிள் மெல்ல மெல்ல 61 ஆனது. ஆபரேட்டர் மந்தமாக ஓட்டுகிறான் என்று எழுதி, இரண்டு மாத இன்சென்டிவை வெட்டினேன். அவன், “சார், தண்ணீரைப் பாருங்கள்” என்று மூன்று தரம் சொன்னான். நம் பக்கத்துப் போர்வெல் தண்ணீர் எப்படி என்று தெரியும்தானே, எந்த வீட்டு வெந்நீர்ப் பானையின் உள்பக்கத்தைப் பார்த்தாலும் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கும். கடைசியில் மோல்டை இறக்கிப் பார்த்தால், மோல்டைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் துளையில் விரல் நுழைய வேண்டும், உப்பு படிந்து பென்சில்கூடப் போகவில்லை. அமிலம் விட்டுக் கழுவினோம், 48 திரும்ப வந்தது. இன்சென்டிவ் வரவில்லை. கணக்கு மூடிவிட்டோம் என்றார்கள், நானும் அழுத்திக் கேட்கவில்லை. அவனும் வேலையை விட்டுவிட்டான்.

ஐந்தாறு வருடம் கழித்து ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டி. கூழ் கம்பெனிக்குப் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றுகிறார்கள். அவன் அங்கே மேஸ்திரி. நலம் விசாரித்தான், குழந்தைகளைக் கேட்டான். பேசிக்கொண்டே காலிக் கிரேட் ஒன்றை எடுத்துக் கவிழ்த்தான். அடியில் தயாரித்த மாதத்தைக் காட்டும் வட்டம் இருக்குமே, ஒன்று முதல் பன்னிரண்டு வரை, நடுவில் ஓர் அம்பு. அம்பு எட்டைக் காட்டியது. “சார், இது அந்தத் தண்ணீர் மாதம்” என்றான். கிரேட்டை நிமிர்த்தி வைத்துவிட்டு மாங்காய் அடுக்கப் போய்விட்டான்.

மெயின்டனன்ஸ் அண்ணன்:
கந்தன், அமிலம் என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். யாராவது கழிவறை அமிலத்தை அப்படியே ஊற்றி எஃகை அரித்துவிடுவார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்த கரைசலைத்தான் சுற்ற விட வேண்டும், பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும், அதன் பிறகு தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் சாஃப்ட்னர் போடாவிட்டால் ஆறே மாதத்தில் பழைய கதைதான்.

இன்னொன்று. மோல்டில் உள்ள அந்த அம்பை மாதாமாதம் யாராவது திருப்பினால்தான் உண்டு. எங்கள் கம்பெனியில் மூன்று மாதம் திருப்பாமலே ஓடியிருக்கிறது. அதனால் அது ஆகஸ்ட் மாதக் கிரேட்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

கிரேட் கந்தன்:
திருப்பியது அவன்தான்.