பனிக்காலக் கடைசியில் அணில் எங்கே இருக்கும்?

வெள்ளவத்தைப் பெடியன்: பெப்ரவரியில் பென்சில்வேனியாவில் மச்சானோடு சாம்பல் அணில் வேட்டைக்குப் போகிறேன். அவன் விடியற்காலையில் போய் ஒன்றையும் காணவில்லையாம். இலையில்லாக் காட்டில் எங்கே தேடுவது?

காட்டுவாசி: தம்பி, கடுங்குளிரில் விடிய எழும்பிப் போய்ப் பயனில்லை, வெயில் ஏறும்வரை அது பொந்தை விட்டு வெளியே வராது, பத்து மணிக்குப் பிறகு தெற்குப் பார்த்த சரிவில் ஓக் மரங்களுக்குக் கீழே பாருங்கள். பனிக்கு மேலே ஈரமண் சிதறி, பக்கத்தில் ஓக் கொட்டைக் கோது கிடந்தால் அணில் அன்று தோண்டியதுதான். அங்கேயே அசையாமல் இருங்கள்.

மட்டக்குளி அக்கா: கொட்டை முடிந்திருந்தால் மேலே பாருங்கள், மேப்பிள், எல்ம் மரங்களின் மொட்டுத் தின்ன நுனிக் கொப்புக்கு வரும். ஆனால் கூட்டுக்குச் சுடவே வேண்டாம், உள்ளே குட்டி இருக்கலாம். அப்புறம், வெளியூர்க்காரருக்கும் லைசென்ஸ் வேண்டும்.

வெள்ளவத்தைப் பெடியன்: சரி அக்கா, கூட்டைத் தொடமாட்டோம். லைசென்ஸ் விஷயத்தை இன்றைக்கே மச்சானிடம் கேட்கிறேன்.